‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நான் சொன்னது

தம்பி,

வருகிற வியாழக்கிழமை உன் வலது இடுப்பை இரண்டாம் தடவையாகத் திறக்கப் போகிறார்கள். அதற்கு முன் இதை எழுதி முடிக்க வேண்டும். நீ யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாய். நான் எழுவைதீவில், நம் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நேரில் வந்து வாயால் சொல்லலாம்தான். ஆனால் உனக்கு முன்னால் வாயைத் திறந்தால் வழக்கம்போல நீ பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். இவ்வளவுக்கும் காரணம் அந்தப் பழக்கம்தான். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் கோயில் திருவிழா மலரில் அச்சடிக்கும்படி கேட்டிருக்கிறேன். திருவிழாவில் புனிதரின் சுரூபக் கூட்டைச் சுமக்கிறவர்களில் முன்தண்டு பிடிப்பவர் என்று வருஷா வருஷம் என் பெயர் வந்த புத்தகம் அது. பெருமையை அச்சில் வாங்கினேன். வெட்கத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

நீ கடலட்டைக்குப் போனது உன் விருப்பத்தில் இல்லை. ஊர் இதை மறந்துவிட்டது. நீயும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷங்களில் அக்கரையிலிருந்து வந்த இழுவைப்படகுகள் நம் வலைகளை அறுத்துக்கொண்டு போயின. கிழிந்ததைத் தைத்துத் தைத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலடியில் அட்டை பொறுக்கியவர்களின் வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. படகும் ஆட்களும் வைத்திருந்த ஒரு சம்மாட்டி நம் வளவுக்கு வந்து உன்னை மேலும் கீழும் பார்த்தார். “இவனுக்கு நெஞ்சு அகலம். நல்லா நிண்டு பிடிப்பான்” என்றார். மாட்டைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். நான் சிரித்தேன். நீ மெல்ல, “அப்பா, நான் ஊர்காவற்றுறையில இஞ்சின் திருத்துற வேலை பழகப் போறன்” என்றாய். “இஞ்சின் திருத்துறவன் கடலுக்குப் பயந்தவன்” என்றேன் நான், அந்த மனிதருக்குக் கேட்கும்படி. அதோடு முடிந்தது. ஒரு நாளைக்கு மூன்று சிலிண்டர், சில நாட்களில் நான்கு. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், மேலே வரும்போது எங்கெங்கே நின்று வர வேண்டும் என்று உனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சம்மாட்டிக்குத் தெரியும். எனக்கும் பாதி தெரியும், ஏனென்றால் அவருடைய படகில் போன ஒருவன் காலை இழுத்து இழுத்து நடந்ததை நான் கண்டிருக்கிறேன். இங்கே ஒருவரும் வாயில் வைக்காத ஒரு பிராணியை எங்கோ இருக்கிற பணக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்காக நம் பிள்ளைகள் தங்கள் எலும்பைக் கொடுத்துப் பொறுக்கினார்கள். ஏற்றுமதி செய்தவர்கள் வீடு கட்டினார்கள். இறங்கியவர்கள் தடி ஊன்றினார்கள். இதைக் கேட்க ஒரு சங்கமும் இல்லை, ஒரு அதிகாரியும் இல்லை. தகப்பன் ஒருவன் இருந்தான். அவனும் கேட்கவில்லை.

கடலால் வந்த சில நாட்களில் “தோள் உளையுது, இடுப்பு உளையுது” என்பாய். நான் நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்வேன். கல்யாணம் முடித்து றெஜினா நம் வீட்டுக்கு வந்து நான்காம் வருஷம் உன்னால் குந்தி இருக்க முடியாமல் போனது. அப்போது உனக்கு முப்பத்திரண்டு வயது. கொழும்பில் படம் எடுத்துப் பார்த்து டொக்டர் விளங்கப்படுத்தினார். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் சின்னக் காற்றுக் குமிழிகள் உண்டாகும், அவை எலும்புக்குப் போகிற நுண்ணிய குழாய்களை அடைக்கும், எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும் என்றார். உன் தொடையெலும்பின் உருண்டைத் தலையில் ஒரு பக்கம் செத்திருந்தது. செத்த பகுதி சிறியது, உனக்கு வயதும் குறைவு, ஆகவே முழுத் தலையையும் வெட்டி எடுக்காமல் மேற்பரப்பை மட்டும் சீவி அதன்மேல் உலோகத் தொப்பி ஒன்றைப் போட்டு, இடுப்புக் குழிக்குள் உலோகக் கிண்ணம் ஒன்றை வைக்கலாம் என்றார். எலும்பை மிச்சம் பிடித்து வைத்தால் பிறகு ஒரு காலத்தில் முழு மாற்றுக்கு இடமிருக்கும். அப்படியே செய்தார்கள். வீட்டுக்கு வரும்போது ஒரு தாள் தந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, குதிக்கக்கூடாது, ஓடக்கூடாது. றெஜினா அதை அலுமாரிக் கதவில் ஒட்டினாள். சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்த்தேன். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது.

உன்னைத் திறந்த அன்றைக்கு நான் வெளியே முழங்காலில் நின்று ஒரு நேர்த்தி வைத்தேன். என் பிள்ளை நடந்தால் வருகிற திருவிழாவில் என் இடத்தில் அவன் நின்று கூட்டைத் தூக்குவான் என்று. நேர்த்தி வைத்தவன் நான், தூக்க வேண்டியவன் நீ. மொட்டை அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இறங்குதுறையிலிருந்து கோயில்வரை முழங்காலில் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது என் உடம்பு. என் உடம்பைப் பற்றி எனக்கு நினைப்பு வரவே இல்லை. அம்மா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கேட்டிருப்பாள், “ஆற்றை முதுகில ஆர் பாரம் ஏத்துறது?” என்று. அவள் போய் ஆறு வருஷம்.

மூன்றாம் மாதம் நீ தடியில்லாமல் நடந்தாய். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான் எழும்பிக் கோயில் நடுவில் நின்று சாட்சி சொன்னேன். நடக்கமாட்டான் என்றிருந்த பிள்ளை நடக்கிறான் என்று அழுதேன். பெண்கள் அழுதார்கள். அதற்கு முன் ஊரில் என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. நீ கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். உன்னை வெட்டித் தைத்த டொக்டரின் பெயரையோ, உனக்குச் சட்டை மாட்டிவிட்ட றெஜினாவின் பெயரையோ நான் அந்தச் சாட்சியில் சொல்லவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

திருவிழா வரும்போது ஏழு மாதம். அன்று பின்னேரம் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாய். றெஜினா அலுமாரிக்கு முன்னால் போய் நின்றாள். “மாமா, பேப்பரில ஒரு வருஷம் எண்டு கிடக்கு” என்றாள். “அது எல்லாருக்கும் எண்டு அடிச்சு வைக்கிற பேப்பர் பிள்ளை” என்றேன். “இவருக்கும் சேர்த்துத்தானே அடிச்சவை?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. “புனிதரைத் தூக்கினா இடுப்பு உடையுமோ? கோயிலுக்குப் போற நேரம் வாய வைச்சுக்கொண்டு சும்மா இரு” என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ பித்தானைப் பூட்டிக்கொண்டே இருந்தாய்.

எட்டுப் பேர் தூக்கினீர்கள். நீ முன்னால், வலது பக்கம். நான் பக்கத்தில் கொடி பிடித்து வந்தேன். கோயில் மணலைத் தாண்டிக் கடற்கரை வீதிக்குத் திரும்புகிற முடக்கில் தார் உடைந்து கல் எழும்பிக் கிடந்தது. இடது பக்கம் தூக்கியவனின் கால் கல்லில் சறுக்கியது. கூடு சரிந்து முழுப் பாரமும் உன் தோளில் இறங்கியது. உன் வலது கால் மடிந்து நிமிர்ந்ததைக் கண்டேன். நீ என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி, “அப்பா, ஏலாது” என்றாய். இரண்டு சொல். உனக்குப் பின்னால் மாறிப் பிடிக்க நாலு இளந்தாரிகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கையைக் காட்டியிருந்தால் போதும். நான் உன் முதுகில் கையை வைத்துத் தள்ளி, “சனம் பாக்குது. தூக்கு” என்றேன். நீ தூக்கினாய். அங்கிருந்து சுற்றுப்பிரகாரம் முடிந்து கோயிலுக்குத் திரும்புமட்டும் தூக்கினாய். உன் முகத்தில் வழிந்ததைப் பக்திக் கண்ணீர் என்று பெண்கள் சொன்னார்கள். நானும் ஓம் என்றேன். கூட்டை இறக்கியதும் சவிரி அண்ணை, திருவிழாச் சபையின் தலைவர், உன் தோளில் தட்டி, “தகப்பன்ரை தோள் அப்பிடியே இருக்கு” என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அடுத்த நாள் காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்க உன்னால் முடியவில்லை. தொடையிடுக்கில், முன்பக்கமாக, ஆழத்தில் நோகிறது என்றாய். பத்து அடி நடந்தால் கொஞ்சம் குறையும், இருந்து எழும்பினால் மறுபடி. ஒரு கிழமை, ஒரு மாதம் என்று போனது. ஊர்காவற்றுறைக்குப் படகு ஏறும்போது வலது காலை உன்னால் தூக்க முடியாது. களிசானை முழங்காலடியில் பிடித்துக் கையால் காலைத் தூக்கிப் படகுக்குள் வைப்பாய். ஒரு நாள் இறங்குதுறையில் பத்துப் பேர் நிற்க நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். “இஞ்ச பாருங்கோ, துரைக்குக் காலைத் தூக்கவும் கை வேணுமாம். வேலைக்குப் போ எண்டால் மட்டும் நோ வந்திடும்.” எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், தம்பி. அதுதான் இன்னும் என்னைத் தின்கிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். உனக்கு நோ இருந்தால் நான் கோயில் நடுவில் நின்று சொன்ன சாட்சி பொய்யாகிவிடும். சாட்சி உண்மையாக இருக்க வேண்டுமென்றால் நீ கள்ளனாக இருக்க வேண்டும். அதைத்தான் தெரிந்தெடுத்தேன்.

ஒன்பதாம் மாதம் கொழும்புக்குப் போனோம். படகு, பஸ், றெயின், பிறகு ஓட்டோ. வழியெல்லாம் நீ ஒரு பக்கம் சாய்ந்தபடி இருந்தாய். வேறொரு டொக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “தொப்பி இருக்கு, கிண்ணம் இருக்கு, எல்லாம் அதனதன் இடத்தில இருக்கு. கொஞ்ச நோ இருக்கும், பழகிக்கொள்ளுங்கோ” என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார். ஐந்து நிமிஷம். உன்னைக் கட்டிலில் ஏற்றிப் பார்க்கவில்லை. காலைத் தொடவில்லை. தீவிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பிரயாணம் செய்து வந்தவனுக்கு ஐந்து நிமிஷம். பெரிய உத்தியோகக்காரனின் பிள்ளையாக இருந்திருந்தால் கதிரை போட்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. “பாத்தியா, ஒண்டுமில்லை” என்று உன்னிடம் வெற்றியோடு சொன்னேன்.

யாழ்ப்பாணத்து டொக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனது றெஜினாதான். நான் சும்மா கூட வந்தேன். டொக்டர் ஒரு பெண் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். படத்தைக் கேட்கவில்லை. முதலில் நீ செருப்புக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் ஏறச் சொன்னாள். நீ கையால் காலைத் தூக்கி வைத்ததும் ஒரு வரி எழுதினாள். முழங்காலை மடக்கி உள்ளுக்குத் திருப்பியபோது நீ கட்டில் விளிம்பைப் பிடித்தாய். பிறகு அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது. “இடுப்பு நோ எண்டு வாற எல்லாருக்கும் காரணம் ஒண்டில்லை. சிலருக்கு முள்ளந்தண்டில இருந்து வரும். சிலருக்குக் கிண்ணத்தின்ரை விளிம்பில தசைநார் உரசும். கிருமி இருக்கலாம். உலோகமும் உலோகமும் தேய்ஞ்சு, அந்தத் தூளுக்குச் சுத்தவுள்ள தசை வீங்கலாம். தொப்பிக்குக் கீழ எலும்பு வெடிச்சிருக்கலாம். எதெண்டு தெரியாமல் வைத்தியம் செய்ய ஏலாது.” அதன்பிறகுதான் படங்களை எடுத்தாள். மூன்றாம் மாதத்துப் படத்தையும் ஒன்பதாம் மாதத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, தொப்பியிலிருந்து எலும்புக்குள் இறங்குகிற சின்னத் தண்டைப் பேனையால் காட்டினாள். “இது அப்ப நேர நிக்குது. இப்ப கொஞ்சம் சரிஞ்ச மாதிரிக் கிடக்கு. படம் எடுத்த கோணத்தாலயும் அப்பிடித் தெரியலாம். இந்த ரெண்டு படத்துக்கும் இடையில ஏதும் நடந்ததோ? விழுந்தனீங்களோ? பாரம் ஏதும் தூக்கினனீங்களோ?”

நீ வாயைத் திறந்தாய். நான் கண்டேன். அதற்குள் நான் சொன்னேன்: “ஒண்டும் நடக்கேல்லை டொக்டர். பெடியன் வீட்டிலதான் இருந்தவன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தாள். “நீங்கள் சொல்லுங்கோ” என்றாள். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அப்பா சொன்னதுதான்” என்றாய். றெஜினா அந்த நேரம் வெளியே பதிவுத் துண்டு எடுக்கப் போயிருந்தாள். அவள் உள்ளே இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திராது. ஏன் பொய் சொன்னேன்? டொக்டர் ஏசுவாள் என்று பயந்தா? அதுவும்தான். அதைவிட, உன் இடுப்பை உடைத்தது புனிதரின் கூடு என்று ஒரு தாளில் எழுதப்படுவதை என்னால் நினைக்க முடியவில்லை. உண்மையில் கூடு உடைக்கவில்லை. என் கை உடைத்தது, உன் முதுகில் வைத்த கை. அதையும் சேர்த்துத்தான் மறைத்தேன்.

அந்த ஒரு பொய்க்குப் பிறகு ஏழு மாதம் உன் உடம்பில் தேடினார்கள். கிருமி இருக்கிறதா என்று இரத்தம் எடுத்தார்கள். மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள், போதாது என்று இரண்டாம் தடவையும் எடுத்தார்கள். உலோகம் கரைந்து இரத்தத்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வெளியிடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். முதுகை ஸ்கான் செய்தார்கள். இடுப்பையும் செய்தார்கள், உலோகத்தின் ஒளிர்வில் பாதிப் படம் மறைந்துபோனது. தசைநாரில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. இவற்றில் சிலவற்றை எப்படியும் செய்துதான் இருப்பார்கள். ஆனால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நீ அந்தப் படகில் கையால் காலைத் தூக்கி வைத்தாய். கழன்றுகொண்டிருந்த எலும்பின் மேல் ஒவ்வொரு தடவையும் நடந்தாய். நான் பக்கத்தில் பை தூக்கிக்கொண்டு வந்தேன், நல்ல தகப்பனைப்போல.

ஒரு நாள் மூட்டுக்குள்ளேயே மரக்கப் பண்ணும் ஊசி போட்டார்கள். நோ அங்கேயிருந்துதான் வருகிறதா என்று பார்க்கிற ஊசி. கால் மணித்தியாலத்தில் நீ எழும்பி நடந்தாய். விறாந்தை முழுக்க மேலும் கீழும் நடந்தாய். “றெஜி, இஞ்ச பார், இஞ்ச பார்” என்று சிரித்தாய். ஊர்காவற்றுறைச் சந்தியில் இறங்கி மீன் ரொட்டி வாங்கி எனக்கும் தந்தாய். கையால் பிடிக்காமல் படகில் ஏறினாய். இறங்குதுறையில் நின்ற ஒருவன், “என்ன மச்சான், புது இடுப்போ?” என்று கேட்க, “வாடகைக்கு எடுத்தனான்” என்றாய். படகு பாதிக் கடல் தாண்டும்போது மருந்து விட்டது. உன் முகத்தில் அது திரும்பி வந்ததை நான் பார்த்தேன். மெதுவாக உன் கை முழங்காலடிக்குப் போய்க் களிசானைப் பிடித்தது. கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நோ இல்லாமல் நீ எப்படி இருப்பாய் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு அந்த அரை நாள் பார்த்தேன். அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

போன மாதம் எடுத்த படத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. தண்டு நன்றாகச் சரிந்துவிட்டது, அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடுகிறது. தொப்பி கழன்றுவிட்டது. மருந்தால் இனி ஒன்றும் ஆகாது, தலையை எடுத்துவிட்டு முழு மாற்றுத்தான் என்றாள் டொக்டர். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கிருமி இல்லை. இரத்தத்தில் உலோகம் கொஞ்சம் கூடியிருக்கிறது. உலோகத் தூளால் எலும்பு கெட்டுத் தொப்பி கழன்றதா, தொப்பி கழன்று ஆடியதால் உலோகம் கூடியதா? முதலாவது என்றால் கிண்ணத்தையும் பிடுங்க வேண்டியிருக்கும். அது பெரிய வேலை, குழியெலும்பும் சேதப்படும். இரண்டாவது என்றால், கிண்ணம் உறுதியாக இருந்தால் அதை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் மாற்றப் பார்க்கலாம். “எது முந்தி நடந்தது எண்டு தெரிஞ்சால் உதவி” என்றாள். நீ என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் றெஜினா என்னைக் கிணற்றடியில் மறித்தாள். கையில் வாளி. “மாமா, நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?” என்றாள். “இவ்வளவு நாளும் டொக்டருக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இண்டைக்குத்தான் அவ கேட்க விளங்கினது. இவரைக் கேட்டால், அப்பா சொன்னவர், அப்பாவின்ரை நேர்த்தி எண்டு வாய மூடிக்கொண்டு கிடக்கிறார். கிண்ணத்தையும் பிடுங்கினாலும் சொல்லமாட்டாராம்.” நான், “சனம் என்ன...” என்று தொடங்கினேன். “சனமோ?” என்றாள். “சனத்துக்கு இடுப்பு நோகுதோ மாமா?” வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நம் வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் என் முன்னால் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவள் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு இடம் வைத்துவிட்டுத்தான் சொல்லாமல் நின்றாள். இதை நீ அவளுக்கு நன்றியாக நினை, கோபமாக நினைக்காதே.

திங்கட்கிழமை முதல் படகில் நான் தனியே போனேன். பஸ் அல்லைப்பிட்டி தாண்டித் தாம்போதியில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல். இறங்கித் திரும்பிவிடலாமா என்று மணியைப் பிடித்துப் பிடித்து விட்டேன். கிளினிக்கில் கடைசி ஆளாக உள்ளே போனேன். “டொக்டர், நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்” என்றேன். உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடக்கு, கல், சறுக்கு, நீ சொன்ன இரண்டு சொல், நான் சொன்னது. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கேள்வி கேட்டாள். எத்தனை பேர் தூக்கினீர்கள், எந்தப் பக்கம், சறுக்கியது இவரா மற்றவரா, அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் நடந்தார். ஒவ்வொன்றையும் எழுதினாள். “இதால மட்டும் முடிவெடுக்க ஏலாது ஐயா. திறந்து பாக்கத்தான் வேணும். ஆனா எதைத் தேடுறன் எண்டு இப்ப எனக்குத் தெரியும்” என்றாள். அண்டைக்கே சொல்லியிருந்தால் என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “அப்ப வெடிப்பு மட்டும் இருந்திருக்கலாம். பாரம் வைக்காமல் தடியோட விட்டுப் பாத்திருப்பம். சிலருக்கு எலும்பு தானாப் பொருந்தும். இவருக்குப் பொருந்தியிருக்குமோ எண்டு என்னால சொல்ல ஏலாது.” அந்தப் ‘பொருந்தியிருக்குமோ’வோடுதான் நான் இனிமேல் காலம் தள்ள வேண்டும்.

பிறகு தலையை நிமிர்த்தாமலே, “கூடு சரிஞ்ச நேரம் உள்ளுக்குள்ள ஏதும் சத்தம் கேட்டதெண்டு சொன்னவரோ? முறியிற மாதிரி?” என்று கேட்டாள். “தெரியாது” என்றேன். “அண்டைக்கு இரவு நோ எப்பிடி இருந்தது எண்டு?” “தெரியாது டொக்டர்.” “நீங்கள் கேக்கேல்லையோ?” பேனை நின்றது. “இல்லை” என்றேன். அவள் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

இந்தக் கடிதத்தின் முதல் பிரதியைச் சவிரி அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “உதெல்லாம் வீட்டுக்குள்ள முடிக்கிற கதையடா. திருவிழா மலரில ஆரும் இடுப்பெலும்பைப் பற்றி எழுதுவினமோ?” என்றார். “போன வருஷம் அற்புதம் எண்டு என்ரை மகன்ரை இடுப்பெலும்பைத்தானே அண்ணை ஒரு பக்கம் அடிச்சனீங்கள்?” என்றேன். தலையைச் சொறிந்தார். “பாதரிட்டைக் கேட்டுப் பாப்பம்” என்றார். போடாவிட்டால் பரவாயில்லை. உன்னைத் துரை என்று நான் நக்கலடித்த அதே இறங்குதுறையில், அதே பத்துப் பேர் நிற்கும்போது வாசிப்பேன். முன்தண்டை இந்த வருஷம் வேறு யாரும் பிடிக்கட்டும். என் பெயர் வேண்டாம். உன் பெயரும் வேண்டாம். முடக்கில் கிடக்கிற அந்தக் கல்லை முதலில் யாராவது அள்ளட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனித் தகுதியில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். உன் உடம்பைப் பற்றி யாராவது உன்னைக் கேட்கும்போது வேறொருவர் பதில் சொன்னால், அது நானாக இருந்தாலும் பாதராக இருந்தாலும், கையைக் காட்டி நிற்பாட்டு. உனக்கும் நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அது ‘ஏலாது’ என்று சொன்னால் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்காதே. அதன் முகத்தைப் பார்.

புதன்கிழமை முதல் படகில் வருகிறேன். டொக்டர் வெறுமையாக விட்ட வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதை நிரப்ப என்னால் ஏலாது. நான் உன் கட்டிலடியில் வந்து இருந்து ஒன்றைக் கேட்பேன். போன திருவிழா அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அந்த முடக்கில் உனக்குள்ளே என்ன நடந்தது, தம்பி? சத்தம் கேட்டதா? எங்கே நொந்தது? அன்று இரவு எப்படிப் படுத்தாய்? ஆறுதலாகச் சொல். எனக்குச் சொல்ல விருப்பமில்லையென்றால் டொக்டருக்குச் சொல், நான் வெளியே போய் நிற்கிறேன். ஆனால் எனக்குச் சொல்வதென்றால், முடியுமட்டும் சொல். நான் குறுக்கே கதைக்கமாட்டேன்.

அப்பா